இருபத்திரண்டாம் துறை

தொண்டிக்கு ஒரே துறைதான்.
கரையேறிய படகுகள், ஐஸ் பெட்டி, தூங்காத நாய்கள்.
மேசைக்கடியில் முனகும் இந்தப் பெட்டிக்கு
அறுபத்தையாயிரத்துச் சொச்சம்.
மதுரை ஆஸ்பத்திரி தன் பக்கம்
அத்தனையும் அடைத்து வைத்திருக்கிறது.
தட்டினால் 'யாரு' என்றுகூடக் கேட்காது.

தீச்சுவர் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.
தீயும் கிடையாது, சுவரும் கிடையாது.
நீளமாக ஒரு பட்டியல்,
அதன் கடைசி வரி: மற்ற எவரும் வேண்டாம்.

சீனி உதுமானுக்கு நெஞ்சு ஸ்கேன்.
நானூற்றுப் பன்னிரண்டு துண்டு,
வஞ்சிரத் துண்டைவிட மெல்லிசாக.
எடுத்து முடித்த ஜெபக்கனி ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்.
பார்த்துச் சொல்கிற டாக்டர் மதுரையில்.
"பென்டிரைவுல போடுங்க, பஸ்ஸுல கொண்டுபோய்க் குடுத்துர்றேன்"
உதுமானின் மச்சான் மூன்றாவது தடவையாக.
போன வருஷம் அப்படிப் போன ஒன்று
திருவாடானைக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவில்
யார் சட்டைப்பையோடோ இறங்கிப்போனது.
யாருடைய ஈரல், யாருடைய வயிறு,
இன்றுவரை தெரியவில்லை.

சுவருக்கு ஒரு குணம்.
உள்ளே வருகிறவனைத்தான் மறிக்கும்.
வெளியே போகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.
அதனால் மதுரைதான் முதலில் இறங்கி வர வேண்டும்.
ஞானாம்பிகை அங்கிருந்து அனுப்புகிறாள்,
இருபத்திரண்டாம் துறையில்
வந்து கட்டிக்கொள்கிறது அவள் கயிறு.
அதையே பிடித்துக்கொண்டு
நான் திரும்பி உள்ளே போக வேண்டும்.

போனேன். திரை நிறுத்தியது.
இவரை எனக்கு முன்பின் தெரியாது.
கைரேகை இது.
நம்பலாமா? ஆம், இல்லை.

எத்தனையோ ராத்திரி படிக்காமலே 'ஆம்' அடித்திருக்கிறேன்.
இன்றைக்கு என்னவோ போனை எடுத்தேன்.

"போன வாரம் டிஸ்க் மாத்துனோம், அதான் புதுசா கேக்குது.
வாசிக்கிறேன், பாத்துக்கங்க.
சின்ன கே. ஒம்பது. பெரிய பி."
"எந்தப் பி? பாம்பனா, பேங்க்கா?"
"பாம்பன்."
"ம்."
கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
நாற்பத்து மூன்று எழுத்து.
பாதியில் நான் தொலைத்துவிட்டு
மறுபடி சின்ன கே-யிலிருந்து.
வெளியே பெஞ்சில் உதுமான் இருமினார்,
அவரும் எதையோ எண்ணுகிறவர்போல
விட்டுவிட்டு.

ஆம்.

இனி வழியில் எவன் எட்டிப் பார்த்தாலும்
கலங்கல் தண்ணீர்தான்.
என் திரையிலும் ஒரு எண் மட்டும்,
பெயர் இல்லை.
திறந்து பார்க்க எனக்கு வழி உண்டு.
திறக்கவில்லை.
என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது போல.

எழுபத்தொன்றில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச்சென்றது.
எழுபத்தொன்று, எழுபத்தொன்று,
எழுபத்தொன்று,
எழுபத்திரண்டு.

எல்லாம் போன பிறகு
இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கிற கணக்கு ஒன்று.
அங்கே வால் எஃப், நாலு, ஏ.
இங்கே எஃப், நாலு, ஏ.
ஞானாம்பிகை மூச்சு விட்டது போனில் கேட்டது.

வாசலில் உதுமான்.
நண்டுக் கம்பெனியில் ஓடு உடைக்கிற கை,
எத்தனை சோப்புக்கும் போகாத வாசம்.
"உள்ள என்னம்மா இருக்கு?"

"தெரியலை மாமா.
போய்ச் சேந்துருச்சு,
ஒரு புள்ளிகூடக் குறையாம."

சிரித்தார். சிரிப்பு இருமலானது.
"ஒரு புள்ளி குறைஞ்சிருந்தா
நல்லதுதானம்மா."

கயிற்றை அவிழ்த்துரலாமா என்று
மதுரையிலிருந்து கேட்டார்கள்.
பதில் வரட்டும் என்றேன்.